வன்னியின் காட்டோரக் கிராமத்தில் ஊழியம்: முதல் நடையிலிருந்து ஒப்படைக்கும் நாள் வரை

வன்னியில் மலை கிடையாது. ஆனால் மலையிலிருந்து இறங்கி வந்த சனம் இங்கே நிறைய. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் காட்டோரங்களில் குடியேறின. குளத்து வாய்க்கால் எட்டாத மேட்டுக்காணிதான் அவர்களில் அநேகருக்குக் கிடைத்தது. பிறகு யுத்தம், திரும்பத் திரும்ப இடப்பெயர்வு, செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம், மீள்குடியேற்றம். இன்றைக்கும் ஏ-9 வீதியை விட்டு உள்ளே இருபது, முப்பது கிலோமீற்றர் கிரவல் பாதையில் போனால் காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ் மட்டும் வந்துபோகிற ஊர்கள் இருக்கின்றன.

அப்படியான ஒரு ஊருக்குப் போக நினைக்கும் சபைக் குழுவுக்கு எழுதியது இது. கத்தோலிக்கப் பங்கு, மெதடிஸ்தம், அங்கிலிக்கன், தென்னிந்திய திருச்சபை, பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையானாலும் நடைமுறை ஒன்றுதான். வேலை கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: சொன்ன நாளில் போகாமல் விடுவதில், அரிசிப் பையையும் வேதாகமத்தையும் ஒரே கையில் கொண்டுபோவதில். கீழே சொல்வதில் பாதி இந்த இரண்டையும் தவிர்ப்பதைப் பற்றியதுதான்.

ஊரைத் தெரிவுசெய்தல்

ஒரு குழுவுக்கு ஒரு ஊர். ஐந்து ஊரை மாதம் ஒருமுறை பார்ப்பதை விட ஒரு ஊரைக் கிழமைக்கு ஒருமுறை மூன்று வருடம் பார்ப்பது மேல். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறவர்களுக்கு ஊர்களின் எண்ணிக்கை பிடிக்கும். அந்த எண்ணிக்கைக்காக ஓடத் தொடங்கினால் எந்த ஊரிலும் உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

முதலில் அங்கே ஏற்கெனவே யார் போகிறார்கள் என்று விசாரியுங்கள். ஊரில் நான்கு கத்தோலிக்கக் குடும்பம் இருந்து, மாதம் ஒருதரம் பாதர் வந்து பூசை வைக்கிறார் என்றால் அவரைப் போய்ச் சந்திக்காமல் ஊருக்குள் கால் வைக்க வேண்டாம். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டம். வவுனியாவும் மன்னாரும் 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டம். பாஸ்டர் ஒருவர் வீட்டுச் சபை நடத்தினால் அவரிடமும் போங்கள். ஒரே ஊரில் மூன்று சபை போட்டி போட்டு ஆளை இழுக்கிற காட்சியை வன்னி நிறையப் பார்த்துவிட்டது. சனம் சிரிக்கிறது, கோயில் நிர்வாகம் கோபப்படுகிறது, கடைசியில் மூன்று சபையும் வெளியே நிற்கின்றன.

அடுத்தது கிராம சேவையாளர். அவரிடம் குழுவின் பெயர், தலைவரின் அடையாள அட்டைப் பிரதி, வரும் நாள், செய்யப்போகும் வேலை நான்கையும் ஒரு தாளில் எழுதி, திகதி போட்டுக் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாள் பிறகு பல பிரச்சினையைத் தடுக்கும். அதற்குப் பிறகு கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், மாதர் சங்கத் தலைவி, கமக்காரர் அமைப்பு, கோயில் தலைவர். கோயில் தலைவரை விட்டுவிட்டுப் போனால் அவர் உங்களைப் பற்றி முதன்முதல் கேள்விப்படுவது யாரோ ஒருவர் சொல்லும் கதையாகத்தான் இருக்கும்.

முதல் நான்கு நடை: வெறுங்கை

முதல் நான்கு கிழமையும் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம். பிஸ்கட் பக்கற் கூட வேண்டாம். முதல் நாளே பொதியோடு போனால் நீங்கள் ‘நிவாரணக்காரர்’. அந்தப் பெயர் மாற இரண்டு வருடம் எடுக்கும். 2009க்குப் பிறகு தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனம் எத்தனையோ வந்து பெயர் பதிந்துவிட்டுப் போயிருக்கிறது. ஆகவே கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்காதீர்கள். பேசிவிட்டு வந்து, பாதையோரத்தில் நின்று எழுதுங்கள்.

எழுத வேண்டியவை: எத்தனை குடும்பம், அதில் பெண் தலைமை தாங்குவது எத்தனை, குடிதண்ணீர்க் கிணறு எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் எந்த வகுப்பு வரை, பஸ் நேரம், போன் சிக்னல் கிடைக்கும் இடம் (‘பாலை மரத்தடியில் மட்டும்’ என்பார்கள்; அந்த மரத்தைப் போய்ப் பாருங்கள்), காணிக்கு உறுதியா அனுமதிப்பத்திரமா ஒன்றுமில்லையா, கிழமைக் கடன் வசூலிக்க வருவது எந்த நாள்.

பேச்சு விஷயத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மலையகத்திலிருந்து வந்த பாட்டி ‘வாங்க, உக்காருங்க’ என்பார். நீங்கள் ‘வாங்கோ, இருங்கோ’ என்பீர்கள். அவரவர் பேச்சை அவரவர் பேசலாம், அவர்களுடையதை நடித்துக் காட்ட வேண்டாம். வயதில் மூத்தவர்களை அம்மா, ஐயா, பாட்டி, தாத்தா என்றே கூப்பிடுங்கள். கூலிக்குப் போகிற இளம் ஆளையும் ‘நீ’ என்று தொடங்காதீர்கள். ‘தோட்டக்காட்டார்’ என்ற இழிசொல் குழுவில் ஒருவர் வாயில் பகிடியாகக்கூட வரக் கூடாது. வந்தால் அவரை அடுத்த கிழமை கூட்டிப்போக வேண்டாம். தேநீர் தந்தால் குடியுங்கள். கிண்ணத்தைத் தொடாமல் வைத்துவிட்டு எழும்புகிறவர்களை அவர்கள் பரம்பரை பரம்பரையாகப் பார்த்திருக்கிறார்கள்.

எந்த மாதத்தில் என்ன

வருடத் திட்டத்தைச் சபை அலுவலகத்துக் கலண்டரை வைத்துப் போடாமல் வயலை வைத்துப் போடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. காலபோக நெல் விதைப்பும் அப்போதுதான். பாதை உடையும், மதகுக்கு மேலால் தண்ணீர் பாயும். மாசி, பங்குனி அறுவடை. பகலில் வீட்டில் ஆள் இருக்காது, ஆனால் கையில் கொஞ்சம் காசு இருக்கும். குளம் உள்ள ஊரில் அதற்குப் பிறகு சிறுபோகம். குளம் இல்லாத மேட்டுக்காணி ஊரில் சித்திரைக்குப் பிறகு கூலி வேலைதான், அதுவும் கிடைக்கிற நாளில். ஆடி, ஆவணியில் கிணறு அடி காட்டும். வீடு சந்திப்பதற்கும் பெரிய வேலை எதையும் தொடங்குவதற்கும் ஏற்ற காலம் வைகாசி முதல் புரட்டாதி வரை.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊரே நடக்கும். ஆகஸ்ட் 15 மடுமாதா பெருநாளுக்குக் கத்தோலிக்கரோடு சைவச் சனமும் வண்டி கட்டிப் போகும். மே 18 யுத்தத்தில் இறந்தவர்களின் நினைவு நாள். இந்த நாட்களில் உங்கள் நிகழ்ச்சி எதுவும் வேண்டாம். ஞாயிறு காலை ஓய்வுநாள் பாடசாலை வைக்கப்போகிறவர்கள் ரியூசன் நேரத்தைக் கேளுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை ரியூசனுக்குப் போகாமல் மறிக்கிற சபையை எந்தத் தாயும் மன்னிக்க மாட்டாள்.

நத்தார் மழைக்காலத்தில் வருகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். 2018 டிசம்பர் 21 இரவு தொடங்கிய மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்கள் வெள்ளத்தில் நின்றன. நத்தாருக்கு நான்கு நாள்தான் இருந்தது. தறப்பாள் பந்தல், வாடகை ஒலிபெருக்கி, 200 பேருக்குச் சாப்பாடு என்று திட்டம் போடுகிறவர்கள் அதே காசில் மூன்றில் ஒரு பங்கை மழைக்கு ஒதுக்கி வைக்கலாம். பொருள் வைக்கும் அறை நிலத்திலிருந்து இரண்டு அடியாவது உயர்ந்திருக்க வேண்டும், அரிசி மூட்டை பலகைமேல்.

பாதை, யானை, வெடிபொருள், பாம்பு

நான்கு அல்லது ஐந்து பேர் போதும். அதில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும். பெண் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்கள் தனியே போக வேண்டாம். மோட்டார் சைக்கிளில் போவதென்றால் உபரி ரியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றுப் பம்ப், பிளக், செயின் பூட்டு, ரோச் லைட். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். இவை இல்லாமல் உள்ளே போய் ரயர் போனால் எட்டு கிலோமீற்றர் உருட்டிக்கொண்டு வர வேண்டும். காட்டுப்பாதையில் அதற்குள் இருட்டிவிடும்.

இருட்டினால் யானை. பின்னேரம் நாலரைக்கு ஊரை விட்டு வெளிக்கிடுங்கள், செபக் கூட்டம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை. பாதையில் ஆவி பறக்கும் லத்தி கிடந்தால் அங்கேயே திரும்புங்கள். யானையைக் கண்டால் ஹோன் அடிப்பது, லைற்றை மின்னவிடுவது, படம் எடுப்பது மூன்றும் வேண்டாம். எஞ்சினை நிறுத்தாமல் தூரத்தில் நின்று, அது போகும் வரை காத்திருங்கள், அல்லது திரும்பி ஊருக்கே போய்த் தங்குங்கள். யானை வெடி வைத்திருக்கும் ஊர்க்காரர் யார் என்று முதலே தெரிந்து வையுங்கள்.

மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் பல வருடமாக நடக்கிறது; மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். துப்புரவு செய்த நிலத்துக்கு அப்பால் என்ன கிடக்கிறது என்பது ஊர்க்காரருக்கே நிச்சயமில்லாத இடங்கள் உண்டு. சிவப்புப் பலகையில் மண்டையோடு, சிவப்புப் பூசிய கட்டைகள் கண்டால் அந்தப் பக்கம் கால் வைக்க வேண்டாம். ஒதுங்குவதற்காகக்கூட பாவனையில் உள்ள பாதையை விட்டு இறங்காதீர்கள். துரு ஏறிய இரும்பு எதையும் தொட வேண்டாம். பழைய இரும்பு பொறுக்கி விற்கும் பிள்ளைகள் ஊரில் இருந்தால் அதுதான் நீங்கள் பேச வேண்டிய முதல் விஷயம்.

பாம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. வயலில் கடிப்பது பெரும்பாலும் புடையன். கடிவாய் வீங்கும், வலிக்கும், இரத்தம் உறையாது; ஆள் பயந்து உடனே சொல்லுவார். இரவில் தரையில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கிற விரியன் (கட்டுவிரியன்) வேறு மாதிரி. கடித்த இடத்தில் வலியே இருக்காது, வீக்கமும் இராது. விடியற்காலை வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை தாழும், பேச்சுக் குழறும், மூச்சுத் திணறும். வயிற்றுவலி என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நேரம் போய்விடும். ஆகவே தரையில் படுத்த பிள்ளை விடியக்காலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி என்றால் இமையைப் பாருங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். மோதிரம், காப்பு, கொலுசு கழற்றுங்கள். கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் வைத்து, நேரத்தைக் குறித்து, 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம். சிக்னல் இல்லையென்றால் பாலை மரத்தடிக்கு ஒரு ஆளை ஓடவிட்டு, நோயாளியைக் கிடைத்த வாகனத்தில் ஏற்றுங்கள். விஷமுறிப்பு மருந்து எந்த வைத்தியசாலையில் இருக்கிறது என்பதை முதல் மாதமே கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ‘செபம் பண்ணிவிட்டுப் போவோம்’ என்று வீட்டில் நிற்பது பாவம். வாகனத்தில் இருந்து செபியுங்கள்.

நுளம்பு வலை விரியனையும் தடுக்கும். விளிம்பைப் பாய்க்கு அடியில் சுற்றிச் செருக வேண்டும், தொங்கவிட்டால் பயனில்லை. ஒரு ஊருக்கு முதலில் எதைக் கொடுப்பது என்று கேட்டால் எங்கள் பதில் இதுதான்: தரையில் படுக்கும் ஒவ்வொருவருக்கும் வலை, அதைச் செருகும் விதத்தை வீடு வீடாகப் போய்க் காட்டுவது.

பொதி கொடுப்பதானால்

வெள்ளம், வறட்சி, சாவு, நீண்ட நோய் இவற்றுக்கு மட்டும் உலருணவு. மாதாமாதம் கொடுக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாது. நிறுத்திய மாதம் சபையும் காலியாகும். அப்போதுதான் வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்பது தெரியும்.

அளவு கணக்காக இருக்கட்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 350 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம் என்று வைத்தால் நான்கு பேருள்ள வீட்டுக்கு இரண்டு கிழமைக்கு அரிசி 20 கிலோ, பருப்பு மூன்றரைக் கிலோ, தேங்காயெண்ணெய் ஒன்றரை லீற்றர் வரும். அதோடு சீனி 2 கிலோ, உப்பு ஒரு பக்கற், பால்மா 400 கிராம் இரண்டு, தேயிலை 200 கிராம், சவர்க்காரம் நான்கு. வழக்கமாகக் கொடுக்கும் 10 கிலோ அரிசிப் பொதி ஒரு கிழமைக்குத்தான் காணும். ‘ஒரு மாத நிவாரணம்’ என்று பனரில் எழுதி அதைக் கொடுப்பதைச் சனம் கவனிக்கத்தான் செய்கிறது. தோட்டத்திலிருந்து வந்த வீடுகளில் காலைச் சாப்பாடு ரொட்டி. அங்கே 15 கிலோ அரிசியும் 5 கிலோ கோதுமை மாவும் கொடுங்கள்.

அரிசியை யாழ்ப்பாணத்தில் வாங்கி லொறியில் ஏற்றாமல் அந்தப் பகுதி ஆலையில், ஊர்க் கடையில் வாங்குங்கள். ஊர்க் கடைக்காரர்தான் மழைக்காலம் முழுக்கக் கடைக் கொப்பியில் எழுதிக் கடன் கொடுக்கிறவர். அவர் வியாபாரத்தை ஒரே நாளில் விழுத்திவிட்டு நீங்கள் போனால் அடுத்த மழைக்குக் கடன் கொடுக்க அவர் இருக்க மாட்டார்.

பட்டியலை மாதர் சங்கமும் கிராம சேவையாளரும் சரிபார்க்கட்டும். உங்கள் கூட்டத்துக்கு வருகிறவர் யார், வராதவர் யார் என்பது பட்டியல் எழுதுகிறவருக்குத் தெரியவே கூடாது. கொடுக்கும் இடம் பொதுநோக்கு மண்டபம் அல்லது முன்பள்ளி. ஆராதனை நாளில் வேண்டாம். பைக்குள் துண்டுப்பிரசுரம், வசனக் கார்ட், நாட்காட்டி எதுவும் வேண்டாம். பொதியோடு நிற்கும் பெண்ணைப் படம் எடுக்க வேண்டாம். காசு அனுப்பியவர் கேட்டால் கடை பில்லை அனுப்புங்கள். பழைய உடுப்பு மூட்டையைப் பற்றி ஒரு சொல்: துவைத்து, கிழிசல் பார்த்து, அளவு பிரித்து எடுத்துவர உங்களுக்கு நேரமில்லை என்றால் கொண்டுவர வேண்டாம்.

கிணறு

வெள்ளத்துக்குப் பிறகு சபைக் குழு செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை கிணற்றை இறைத்துச் சுத்தம் பண்ணுவது. முதல் தடவை பலமான குளோரின் இடும் வேலையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விடுங்கள். அதற்குப் பின்னான வழக்கமான குளோரின் கணக்கு இது: விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் மீற்றரில் அளந்து, விட்டம் × விட்டம் × ஆழம் × 785 என்று பெருக்கினால் தண்ணீர் எத்தனை லீற்றர் என்று வரும். 12 அடி விட்டம் (3.66 மீற்றர்), 8 அடித் தண்ணீர் (2.44 மீற்றர்) உள்ள கிணற்றில் ஏறக்குறைய 25,700 லீற்றர். 1000 லீற்றருக்கு 33 சதவீத பிளீச்சிங் பவுடர் இரண்டரைக் கிராம். ஆகவே 65 கிராம். 70 சதவீதத் தூளென்றால் பாதி. பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் அள்ளக் கூடாது.

தூளை நேரே கிணற்றில் கொட்டுகிறார்கள், அது பிழை. சுண்ணாம்பு அடியில் போய் நிற்கும், தண்ணீர் கடுமையாகும். வாளியில் கொஞ்சத் தண்ணீரில் களியாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். வெள்ளை மண்டி அடியில் படியும். மேல் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, கயிற்றில் இறக்கி, தண்ணீருக்குள் மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசையுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் அள்ள வேண்டும். மீதமுள்ள குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். சோதிக்கும் சாமான் பரிசோதகரிடம் உண்டு. திறந்து வைத்த பழைய தூளில் பலம் இருக்காது, மணத்தை நம்ப வேண்டாம். மண்டியைக் கிணற்றடியில் ஊற்றாமல் தூரத்தில் குழி வெட்டிப் புதையுங்கள்.

வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய் உள்ள ஊரென்றால் குளோரின் அதற்குத் தீர்வில்லை. வடிகட்டிய தண்ணீர் விற்கும் நிலையம் எங்கே, ஒரு கான் எவ்வளவு என்று கேட்டு, நோயாளி வீட்டுக்கு அதை ஒழுங்காகக் கிடைக்கச் செய்யுங்கள்.

கடன்

செபக் கூட்டத்துக்குப் பெண்கள் திடீரென்று வராமல் விட்டால் முதலில் பார்க்க வேண்டியது கிழமைக் கடன் நாள். நுண்நிதி நிறுவனங்கள் ஐந்தாறு பெண்களைச் சேர்த்து ஒருவருக்கு ஒருவர் பிணை வைக்கும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவள் கட்ட வேண்டும், அதோடு ஊரில் உறவும் கெடும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு இது வளர்ந்திருந்தது.

குழுவில் யாரும் தனிப்பட்ட கடன் கொடுக்க வேண்டாம், கடனை அடைத்தும் விட வேண்டாம். கொடுத்தவரும் வாங்கியவரும் அடுத்த கிழமை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். செய்யக்கூடியது: பெண்ணோடு இருந்து, அவள் கையிலுள்ள அட்டைகளை விரித்து, முதல் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது. பலர் அந்தக் கணக்கை ஒரே இடத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மிரட்டல் இருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குக் கூட்டிப்போங்கள்.

பிள்ளைகள்

மாலை வகுப்பு பயன் தரும். கிழமைக்கு இரண்டு நாள், ஒன்றரை மணித்தியாலம்: தமிழ் வாசிப்பு, கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம். எல்லாப் பிள்ளைக்கும் திறந்தது, செபமும் பாட்டும் இல்லாதது. ஓய்வுநாள் பாடசாலை வேறு நாளில், வேறு இடத்தில், தாய் அல்லது தகப்பனின் கையொப்பத்தோடு. இரண்டையும் ஒன்றாக்கினால் கணக்குப் படிக்க வந்த பிள்ளையை மதம் மாற்றினார்கள் என்ற கதை ஒரு மாதத்தில் பிரதேச செயலகம் வரை போகும். அந்தக் கதையில் நியாயமும் இருக்கும்.

வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தபடி. பிள்ளையைத் தனியே மோட்டார் சைக்கிளில் ஏற்ற வேண்டாம். துன்புறுத்தல் சந்தேகம் வந்தால் சபைக்குள் பேசி முடிக்க முயலாமல் 1929க்குச் சொல்லுங்கள். வறுமையைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பட்டணத்து இல்லத்தில் சேர்த்துவிடும் பழக்கம் ஊழியக்காரரிடம் நீண்டகாலமாக உண்டு. அதை விடுங்கள். இல்லம் நடத்த நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் பதிவு வேண்டும் என்பது ஒரு புறம். அதே செலவில் பிள்ளை தாயோடு இருந்து பள்ளிக்கூடம் போகலாம் என்பது மறுபுறம்.

செபக் கூட்டம்

யாராவது தங்கள் வீட்டுக்குக் கூப்பிடும் வரை கூட்டம் வைக்க வேண்டாம். ஆறு மாதம் எடுக்கலாம், ஒரு வருடமும் எடுக்கலாம். கூப்பிட்டால் நாற்பது நிமிடம்: ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, பேச்சு, செபம். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். தகரக் கூரை வீட்டில் பத்துப் பேருக்கு மைக் எதற்கு?

வாசிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள், தெரிந்தும் பழைய மொழிபெயர்ப்பின் மொழி பிடிபடாதவர்கள் இருப்பார்கள். அங்கே 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு எளிது. (யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தை மொழிபெயர்த்தபோது கூட இருந்து தமிழைத் திருத்திக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். தமிழ் சரியாக இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் இருவருக்கும் இருந்த பிடிவாதம் நமக்கும் வேண்டும்.) ஒரு பகுதியை மூன்று தரம் வாசித்து, ஒருவரைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல விடுங்கள். ரூத்தின் கதையைத் தொடக்கத்தில் எடுக்கலாம்: விதவை, பஞ்சத்தில் ஊர் விட்டுப் போய்த் திரும்பும் மாமியோடு தன் ஊரை விட்டு வந்தவள், அறுத்த வயலில் சிந்திய கதிர் பொறுக்குகிறவள். அறுவடை மெசின் போன பிறகு வயலில் சிந்திய நெல் கூட்டும் பெண்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மலையகத்துப் பெரியவர்களுக்கு 121ஆம் சங்கீதம். அவர்கள் மலையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள், பேசவிடுங்கள்.

வீடுகளில் மாலை போடாத படம் ஒன்று சுவரில் இருக்கும். மாலை போடவில்லை என்றால் அந்த மகன் காணாமல் ஆக்கப்பட்டவர், தாய் இன்னும் காத்திருக்கிறாள் என்பது பொருளாக இருக்கலாம். 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சியில் தெருவில் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கியவர்கள் இப்படியான தாய்மார். ‘அவருடைய ஆத்துமா இளைப்பாற’ என்று நீங்கள் செபித்தால் அந்த வீட்டில் இனி இடமில்லை. அவள் ‘இருக்கிறான்’ என்றால் நீங்களும் ‘இருக்கிறார்’ என்று செபியுங்கள். ‘மன்னித்துவிடுங்கள்’ என்ற பிரசங்கத்தை வெளியிலிருந்து போகிறவர் அந்த வீட்டில் செய்ய வேண்டாம்.

சுகமளிக்கும் செபம் செய்கிறவர்களுக்கு: நீரிழிவு, பிரஷர், வலிப்பு, மனநோய்க் குளிசைகளை நிறுத்தச் சொல்லவோ, நிறுத்தினால் விசுவாசம் என்று சாட்சி சொல்ல வைக்கவோ கூடாது. டயாலிசிஸ் நாளில் உபவாசக் கூட்டம் வைக்கக் கூடாது.

ஞானஸ்நானமும் காணியும்

கேட்டவருக்கு ஒரு வருடமாவது தவணை கொடுங்கள். அந்த வருடத்தில் உங்களிடமிருந்து அவருக்கு எந்தப் பொருளும் போகாமல் இருப்பது நல்லது. வீட்டாருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டாம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கொடுக்கவே வேண்டாம். பொட்டை அழிக்கச் சொல்வது, சாமி படத்தை எரிக்கச் சொல்வது ஊரை இரண்டாக்கும்.

சட்டத்தில் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தையும், 14(1)(உ) மதத்தை வெளிப்படையாக அனுட்டிக்கும் சுதந்திரத்தையும் தருகின்றன. ஆனால் 2003இல் கன்னியர் சபை ஒன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் பற்றிய தீர்மானத்தில் மதத்தைப் பரப்பும் உரிமை அரசியலமைப்பில் உறுதிசெய்யப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2008இல் வந்த சுற்றறிக்கை ஒன்றைக் காட்டிப் புதிய வழிபாட்டிடங்களுக்கு முன் அனுமதி கேட்கிறார்கள். ஆகவே கொட்டில் போட அவசரப்பட வேண்டாம், பெயர்ப் பலகை இன்னும் வேண்டாம். அதிலும் முக்கியம் காணி: 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் உள்ள காணியை ஒருவர் ‘சபைக்குத் தருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் அது செல்லாது, அவருடைய அனுமதிப்பத்திரமே ஆபத்தில் விழலாம். அன்பாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

ஒப்படைத்தல்

இரண்டாம் வருடம் முதல் ஊரில் இரண்டு பேரைப் பழக்குங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். டச்சுக்காரர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளுக்குப் பின்னும் குருவானவர் எப்போதாவதுதான் வரக்கூடிய ஊர்களைத் தாங்கி நின்றவர்கள் மூப்பரும் அண்ணாவியாரும். வாசிக்கிறவர், செபம் சொல்லுகிறவர், செத்த வீட்டுக்கு முன்நிற்பவர் எல்லாம் அவர்கள்தான். அதே முறை போதும்.

முதல் மூன்று மாதம் நீங்கள் நடத்த அவர்கள் பார்க்கட்டும். அடுத்த மூன்று மாதம் அவர்கள் நடத்த நீங்கள் பின்வரிசையில் இருங்கள். அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒருதரம், பிறகு மாதம் ஒருதரம். காணிக்கைக் காசை அங்கேயே எண்ணி, கொப்பியில் எழுதி, மூன்று பேர் கையொப்பம் வைத்து, ஊரிலேயே வைக்கட்டும். பட்டணத்துக்குக் கொண்டுவர வேண்டாம். சம்பளம் பேச வேண்டாம். சம்பளம் வாங்கும் ஊர் ஊழியர் உங்களுக்கு அறிக்கை எழுதுவார், ஊருக்குப் பதில் சொல்ல மாட்டார்.

கடைசி நடையில் கொடுக்க வேண்டியவை நான்கு: கொப்பி (வைத்தியசாலை, 1990, 1929, கிராம சேவையாளர் இலக்கங்கள் முதல் பக்கத்தில்), கிணற்றுக் கணக்கு எழுதிய தாள், மிச்சமுள்ள குளோரின் தூள், அறைத் திறப்பு. அடுத்த கிழமை அதே நாளில் கூட்டம் நடந்ததா என்று போன் பண்ணிக் கேட்காதீர்கள். பாலை மரத்தடியில் யாராவது நிற்கும்போது அவர்களாகவே எடுப்பார்கள்.